சக்கர நாற்காலியோடு திருவனந்தபுரம் மியூசியம் தோட்டம்: குமரி மாவட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடமாகிறது. இடது கையும் காலும் முழுதாகத் திரும்பவில்லை. வீட்டைத் தாண்டினால் சக்கர நாற்காலிதான். கல்யாணமான புதிதில் அப்பாவோடு மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி திருவனந்தபுரம் மியூசியம் பார்க்கப் போனதை அவள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். “உள்ள ஒண்ணும் காட்டாண்டாம் மக்களே, அந்தச் செவப்புக் கெட்டிடத்த வெளிய நிண்ணு பாத்தா போதும்” என்று ஒருநாள் கேட்டாள். அவள் சொன்னது நேப்பியர் மியூசியத்தை. தோட்டமும் மிருகக்காட்சி சாலையும் அதே வளாகத்தில்தான் இருக்கின்றன.

இதற்கு மூன்று முறை போக வேண்டியதாயிற்று. முதல் முறை கிழமை தவறியது. இரண்டாம் முறை சரிவில் மாட்டிக்கொண்டு பாதியில் திரும்பினோம். மூன்றாம் முறைதான் அவள் வேண்டும் மட்டும் உட்கார்ந்து பார்த்தாள். நீங்கள் ஒரே தடவையில் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றுதான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

1. வீட்டிலேயே நாற்காலியை அளந்துகொள்ளுங்கள்

“அங்கே வீல்சேர் போகும்” என்று யார் சொன்னாலும் அதை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்கிறவர் மனதில் இருப்பது எந்த நாற்காலி, தள்ளுவது யார், உட்கார்ந்திருப்பவரின் எடை என்ன என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. ஒரு டேப் எடுத்து மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: சக்கரத்தின் வெளிவளையத்தையும் சேர்த்த மொத்த அகலம், மடக்கிய பிறகு உள்ள உயரமும் தடிமனும், நாற்காலியின் எடை. 18 அங்குல இருக்கை உள்ள சாதாரண மடக்கு நாற்காலி, வளையத்தோடு சேர்ந்தால் 25, 26 அங்குலம் வரும். பல கழிப்பறைக் கதவுகள் 24 அங்குலம்தான். இந்த இரண்டு அங்குலத்தை வெளியூரில் போய்க் கண்டுபிடிப்பது பெரிய வேதனை.

கிளம்புவதற்கு முந்தின நாள் பிரேக் இரண்டையும் இழுத்துப் பாருங்கள். காற்றடைத்த டயர் என்றால் காற்று பாருங்கள். காற்று குறைந்தால் தள்ளுகிறவருக்குப் பாரம் கூடும், பிரேக்கும் டயரில் சரியாகப் பிடிக்காது. இடுப்புப் பெல்ட் இல்லாவிட்டால் வாங்கி மாட்டுங்கள். தட்டையான வீட்டுக்குள் அது தேவைப்பட்டிருக்காது, இங்கே தேவைப்படும்.

2. காகிதங்கள்

சேகரிக்க நேரம் பிடிக்கும் வேலை இது ஒன்றுதான். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

யூ.டி.ஐ.டி. என்கிற தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முதலில் வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்து, மருத்துவக் குழு பார்த்த பிறகு கிடைக்கும். கட்டணம் கிடையாது. பாதிப்பின் அளவு 40 சதவீதத்துக்குக் குறைந்தால் அட்டையில் வெள்ளைப் பட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-க்கு மேல் நீலம். சலுகைகளில் பெரும்பாலானவை 40 சதவீதத்திலிருந்து தொடங்குகின்றன. தமிழ்நாட்டு அரசு கொடுத்த அடையாளப் புத்தகம் மட்டும் வைத்திருப்பவர்கள் இந்த அட்டையையும் எடுத்துவிடுங்கள், கேரளத்தில் காட்டுவதற்கு அதுதான் எளிது.

ரயில் சலுகைக்குத் தனிக் காகிதம் இருக்கிறது. எங்களிடம் கவுண்டரில் கேட்டது ரயில்வேயின் படிவத்தில் அரசு மருத்துவர் கையெழுத்திட்ட சலுகைச் சான்றிதழைத்தான். “துணையில்லாமல் பயணம் செய்ய இயலாதவர்” என்ற வரி அதில் இருக்கிறதா என்று மருத்துவமனையை விட்டு வெளியே வருமுன் பாருங்கள். அது இருந்தால்தான் துணைக்குப் போகிறவருக்கும் அதே சலுகை. இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி., சேர் கார் ஆகியவற்றில் 75 சதவீதம், முதல் வகுப்பு ஏ.சி.யிலும் இரண்டடுக்கு ஏ.சி.யிலும் 50 சதவீதம். இந்தச் சான்றிதழை வைத்து ரயில்வேயின் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பித்தால், பிறகு அந்த எண்ணைப் போட்டு வீட்டிலிருந்தே சலுகை டிக்கெட் எடுக்கலாம். நம் மாவட்டத்து ஸ்டேஷன்கள் திருவனந்தபுரம் கோட்டத்தில் வருவதால் விண்ணப்பத்தில் அந்தக் கோட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்கு அட்டை கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சான்றிதழில் முத்திரை மங்கலாக இருந்ததால் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. முத்திரையில் மருத்துவரின் பெயரும் பதிவெண்ணும் வாசிக்கிற மாதிரி இருக்க வேண்டும், ஸ்கேன் செய்யும்போது அதையே பாருங்கள்.

எல்லாவற்றிலும் இரண்டு நகல், ஒரு மருந்துச் சீட்டு, ஆதார். மூலங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் துணையாளர் தோளில் வைத்துக்கொள்ளட்டும். நாற்காலியின் பின்பையில் வைத்தால் கூட்டத்தில் யார் கைவைத்தாலும் தெரியாது.

3. எந்த நாள், எந்த நேரம்

திங்கட்கிழமை போகாதீர்கள். மிருகக்காட்சி சாலையும் அருங்காட்சியகங்களும் அன்று விடுமுறை. நாங்கள் முதல் தடவை போனது திங்களன்று. புதன்கிழமையும் முற்பகலில் அருங்காட்சியகக் கட்டடங்கள் திறப்பதில்லை. மற்ற நாட்களில் அவை காலை 10 மணி முதல் மாலை 4.45 வரை. மிருகக்காட்சி சாலை 9 மணிக்கே திறந்துவிடும்.

நல்ல மாதங்கள் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மழை நின்று ஒரு மணி நேரம் ஆனாலும் மரத்தடிப் பாதையில் விழுந்து ஊறிய இலை சறுக்கும். தள்ளுகிறவரின் செருப்பு சறுக்கினால் நாற்காலியும் போகும்.

ஓண வாரத்தைத் தவிருங்கள். பக்கத்துக் கனகக்குன்னு அரண்மனை வளாகத்தில்தான் ஓண விழா நடக்கும், அந்தச் சாலை முழுவதும் ஆள். ஆற்றுகால் பொங்காலை மாசியில், அதாவது பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வரும். அன்றைக்கும் முந்தின நாளும் நகரத்துக்குள் வண்டி நகராது. ஸ்டேஷனிலிருந்து மியூசியம் போகும் வழியில் தலைமைச் செயலகம் இருக்கிறது. அதன் முன் ஊர்வலம் என்றால் எம்.ஜி. சாலை நின்றுவிடும். “வேறு வழியாகப் போகலாம்” என்று டிரைவர் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள், கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை.

4. ரயிலில் போவதா, காரில் போவதா

நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு அடி எடுத்து வைக்க முடிந்தவர்களுக்கு ரயில் நல்லது. தூக்கித்தான் ஏற்ற வேண்டும் என்றால் கார்.

ரயிலில் போகிறவர்கள் முடிந்தவரை நாகர்கோவில் சந்திப்பில், அங்கேயே புறப்படும் வண்டியில் ஏறுங்கள். வண்டி முன்கூட்டியே வந்து நிற்கும், அவசரம் இருக்காது. குழித்துறை, இரணியல் போன்ற ஸ்டேஷன்களில் வண்டி நிற்பது ஓரிரு நிமிடம். மாற்றுத்திறனாளிகள் பெட்டி வண்டியின் கோடியில் இருக்கும். அது எந்தக் கோடி என்று தெரியாமல் நடுவில் நின்றால் அந்த ஓரிரு நிமிடத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர முடியாது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தப் பிளாட்பாரம், பெட்டி முன்னாலா பின்னாலா. நாகர்கோவிலில் இரண்டு ஸ்டேஷன் இருப்பதையும் மறக்க வேண்டாம். திருநெல்வேலிப் பக்கமிருந்து வரும் சில வண்டிகள் சந்திப்புக்குள் வராமல் டவுன் ஸ்டேஷன் வழியாகப் போய்விடும்.

காலை அலுவலக வண்டிகளில் எல்லாப் பெட்டியிலும் கூட்டம், மாற்றுத்திறனாளிகள் பெட்டியிலும்தான். அதைவிட அடுத்த வண்டி மேல். திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கியதும் எந்தப் பிளாட்பாரம் என்று பார்த்து, லிஃப்ட் வேண்டுமென்றால் முதலில் ஒருவர் போய் அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வரட்டும். நாங்கள் போன ஒரு நாள் ஓடவில்லை. நாற்காலியோடு அங்கே போய் நின்று, திரும்பி வந்து, வேறு வழி கேட்டதில் அரை மணி நேரம் போனது. ஸ்டேஷனில் சக்கர நாற்காலி, உதவியாள் தேவைப்பட்டால் ரயில்வே உதவி எண் 139-க்கு முந்தின நாளே பேசுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து மியூசியம் நான்கு கிலோமீட்டருக்குள். கேரளத்தில் 2022 மே மாதம் வந்த கட்டணப்படி ஆட்டோவுக்குக் குறைந்தபட்சம் 30 ரூபாய், ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். அந்தக் கணக்கில் 70 ரூபாய் அளவில் வரும். ஆனால் ஆட்டோவில் நாற்காலியை மடக்கி வைத்தால் இருவர் உட்காரவே இடம் நெருக்கும். எங்கள் அனுபவத்தில் டாக்ஸிதான் சரி. சிறிய டாக்ஸிக்கு அதே கட்டண அறிவிப்பில் ஐந்து கிலோமீட்டர் வரை 200 ரூபாய்.

ஊரிலிருந்தே கார் பிடிப்பவர்கள் ஒன்றை மட்டும் போனிலேயே கேட்டுவிடுங்கள்: “டிக்கியில் கேஸ் சிலிண்டர் இருக்கா?” சி.என்.ஜி. வண்டி என்றால் பெரும்பாலும் டிக்கி முழுக்க சிலிண்டர்தான், நாற்காலி போகாது. எங்களுக்கு அமர்த்திய வண்டி அப்படித்தான் வந்து நின்றது. விடியற்காலையில் வேறு வண்டி தேடி ஒரு மணி நேரம் வாசலிலேயே அம்மா காத்திருந்தாள். கேரளத்துக்குள் போவதற்கான பெர்மிட், வரி, பார்க்கிங், வெயிட்டிங் இவையெல்லாம் வாடகைக்குள் அடங்குமா என்பதையும் புறப்படுமுன் பேசி முடியுங்கள். எல்லையிலுள்ள களியக்காவிளையில் வண்டியை நிறுத்திக்கொண்டு பேசுவது நோயாளிக்கு நல்லதல்ல. பாலராமபுரம் பக்கம் சாலை குறுகும், அங்கே ஒரு அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணையாளருக்கும் கட்டணமில்லை. களியக்காவிளை வரை அப்படிப் போய், அங்கிருந்து கேரள பஸ் மாறலாம் என்று கணக்குப் போடுவது சுலபம். உயரமான படிகளில் நான்கு முறை ஏற்றி இறக்க வேண்டும். மிச்சமாகும் பணத்துக்கு அது ஈடாகாது.

5. சீட்டு எடுக்குமுன் ஒருவர் முன்னால் போய்ப் பாருங்கள்

தோட்டத்துக்குள் நுழைந்து சுற்றுவது வேறு, கட்டடங்களுக்குள் போவது வேறு. தோட்டம் காலை நடைக்காரர்களுக்காக விடியலிலேயே திறந்திருக்கும். மிருகக்காட்சி சாலைக்கும் அருங்காட்சியகத்துக்கும் தனித்தனிச் சீட்டு, கேமராவுக்குத் தனிக் கட்டணம்.

நேப்பியர் மியூசியம் 1880-இல் கட்டி முடித்த கட்டடம். அம்மா கேட்ட செவப்புக் கெட்டிடம் அதுதான். வாசலில் படிகள். உள்ளே போயே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். மரவேலைப்பாடும் வண்ணக் கோடுகளும் கூரையின் அடுக்குகளும் வெளியிலிருந்துதான் அழகு. பாதையை ஒட்டி நிறுத்தி, ஒவ்வொரு பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். நாங்கள் அதற்கே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டோம்.

ராஜா ரவி வர்மாவின் ஓவியங்களுக்கென்று 2023-இல் இதே வளாகத்தில் புதிய கலைக்கூடம் திறந்திருக்கிறார்கள். எந்தக் கட்டடமாக இருந்தாலும் நோயாளியை நிழலில் நிறுத்திவிட்டு ஒருவர் முன்னால் போய் வாசல், உள்ளே தரைமட்டம், மாடி இருந்தால் லிஃப்ட், இவற்றைப் பார்த்துவிட்டு வந்த பிறகே சீட்டு எடுங்கள். பக்கவாட்டில் வேறு வாசல் உண்டா என்று காவலரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால்தான் திறப்பார்கள்.

படியில் தூக்க நேர்ந்தால்: கை வைத்துக்கொள்ளும் பக்கத் தாங்கியையும் கால்தட்டையும் பிடித்துத் தூக்கவே கூடாது. அவை கழன்று வருகிற பாகங்கள். உதவிக்கு வருகிறவர்கள் முதலில் கை வைப்பது அங்கேதான், நீங்கள் முந்திச் சொல்லிவிடுங்கள். பின்னால் தள்ளும் பிடியை ஒருவர், முன்னால் இருக்கைக்குக் கீழுள்ள சட்டத்தை இருபுறமும் ஒருவர் பிடிக்க வேண்டும். பக்கவாதக்காரர்களின் செயலற்ற கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் மூட்டு விலகிவிடும்.

6. சரிவு

இந்த வளாகம் சமதரை அல்ல. மேட்டிலிருந்து இறங்கி, மறுபடி ஏறுகிற நிலம். பாதை நன்றாக இருக்கிறதே என்று இறங்கிக்கொண்டே போனால், திரும்பி வருவதெல்லாம் ஏற்றம். இரண்டாம் தடவை நாங்கள் செய்தது இதைத்தான். ஏற்றத்தின் நடுவில் எனக்கு மூச்சு வாங்கி நின்றபோது நாற்காலி பின்னுக்கு வந்தது. யாரோ ஒரு நடைக்காரர் ஓடி வந்து பிடித்தார். அம்மா அன்று முழுவதும் பேசவில்லை.

அதன் பிறகு கற்றுக்கொண்டவை:

போனில் மட்டம் பார்க்கும் கருவி இருக்கிறது. பாதையின் மேல் போனை வைத்தால் எத்தனை டிகிரி என்று காட்டும். முறையாகக் கட்டிய சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம், அதாவது 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அதுவரை ஒருவர் தள்ளலாம். அதைத் தாண்டி 8 டிகிரி வரை இருவர் வேண்டும். அதற்கு மேல் என்றால் அந்தப் பாதையை விட்டுவிடுங்கள்.

இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நீங்கள் கீழே, அவர் மேலே பார்த்தபடி, பின்பக்கமாக இறக்குங்கள். முன்பக்கமாக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார், பெல்ட் இருந்தாலும் பயம் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது நடுவில் நிற்க வேண்டுமென்றால் பிரேக்கை மட்டும் நம்பாமல், நாற்காலியைப் பாதைக்குக் குறுக்காகத் திருப்பி நிறுத்திவிட்டு மூச்சு வாங்குங்கள்.

வடிகால் கம்பிகள், வேகத்தடை, பெயர்ந்த கல், இவற்றில் முன்சக்கரம் மாட்டும். நாற்காலியைச் சற்றுப் பின்னால் சாய்த்து முன்சக்கரத்தைத் தூக்கிக் கடந்து போங்கள், அல்லது திருப்பிப் பெரிய சக்கரத்தை முதலில் விடுங்கள். செயலற்ற கை மடியை விட்டு நழுவினால் சக்கரக் கம்பிக்குள் போய்விடும். மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் கையை வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை அவர் உடலைச் சற்று முன்னால் சாய்த்து, பக்கம் மாற்றி உட்கார வையுங்கள். வேடிக்கை பார்க்கும் மும்முரத்தில் இது மறந்துபோகும். ஒரே இடம் அழுந்திப் புண் வந்தால் ஆற மாதங்கள் ஆகும்.

7. மிருகக்காட்சி சாலை

உள்ளே சரிவுகள் செங்குத்தானவை. முழுவதையும் சக்கர நாற்காலியில் சுற்றிவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். பேட்டரி வண்டி ஓடுகிறது. கவுண்டரிலேயே அது அன்று ஓடுகிறதா, அடுத்த சுற்று எப்போது, நாற்காலியை எங்கே விட்டு வைப்பது என்று கேளுங்கள். உட்காரும்போது செயலுள்ள பக்கம் கம்பி பிடிக்க வசதியாக இருக்க வேண்டும், அதை டிரைவரிடம் சொன்னால் இடம் மாற்றித் தருவார். மறுபக்கம் நீங்கள் நெருங்கி உட்காருங்கள். பேட்டரி வண்டி கிடைக்காத நாளில் வாசலை ஒட்டிய மேட்டுப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கனகக்குன்னும் பக்கத்தில்தானே என்று அதே நாளில் சேர்க்காதீர்கள். பெயரிலேயே குன்று இருக்கிறது.

8. கழிப்பறை, சாப்பாடு

வீட்டை விட்டுக் கிளம்பி இரண்டரை மணி நேரம் ஆகும்போது வளாகத்தில் இருப்பீர்கள். முதல் வேலையாகக் கழிப்பறையைப் பார்த்து வையுங்கள், தேவை வந்த பிறகு தேடாதீர்கள். கதவகலம் டேப்பால் அளக்கலாம். நாற்காலி நுழையாது என்றால் டயாப்பர் போட்டுக்கொண்டு வருவதே நிம்மதி. அம்மா முதலில் மறுத்தாள். வெட்கத்தில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து, மதியம் தலைசுற்றிச் சாய்ந்த பிறகுதான் ஒப்புக்கொண்டாள். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் தண்ணீரைத் தவிர்ப்பார்கள், கவனியுங்கள். அடுத்த வேளை மாத்திரையையும், ஒரு பாத்திரத்தில் இட்லியோ தயிர்ச்சோறோ அதையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். மிருகக்காட்சி சாலைக்குள் போகுமுன்பே தோட்டத்து மரநிழலில் சாப்பிட்டுவிடலாம்.

9. கைகொடுக்கும் மலையாளம்

தமிழ் புரியும், ஆனால் இந்த நாலு வரி மலையாளத்தில் கேட்டால் பதில் சீக்கிரம் வரும். “இவிடெ வீல்செயர் கேறுமோ?” “படி எத்ரயுண்டு?” “வேறெ வழியுண்டோ?” உதவிக்கு யாராவது கை வைத்தால், “பதுக்கெ, பதுக்கெ மதி” (மெதுவாக, மெதுவாகப் போதும்).

10. திரும்புவது

மூன்று மணிக்கு மேல் புதிதாக எதையும் பார்க்கத் தொடங்காதீர்கள். நான்கரைக்கு மேல் அலுவலகம் விட்டுவிடும், ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரிலும் ரயிலிலும் கூட்டம் ஏறும். ரயிலில் போகிறவர்கள் திரும்பும் வண்டியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு நாளை அமைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்பே பிளாட்பாரத்தில் இருக்க வேண்டும்.

கூடப் போக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தள்ள, ஒருவர் முன்னால் போய்ப் பார்க்க. மூன்றாம் தடவை அத்தானும் வந்ததால்தான் எங்களுக்கு முடிந்தது. சலுகை டிக்கெட் ஒரு துணையாளருக்குத்தான், இரண்டாமவருக்கு முழு டிக்கெட் எடுங்கள்.